பழைய வால்வு டிரான்ஸ்மிட்டருக்குப் புதிய டிஜிட்டல் விஎஃப்ஓ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிஸ்டல் சாக்கெட் வைத்த பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) டிரான்ஸ்மிட்டர் ஒன்று மேசையில் இருக்கிறது. உள்ளங்கை அளவு டிஜிட்டல் விஎஃப்ஓ (வேண்டிய அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்ளும் அலை உருவாக்கி) போர்டு ஒன்றும் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் அதிர்வெண்ணை உருவாக்குவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அது என்றைக்கோ தீர்ந்துபோன பிரச்சினை. போர்டுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் ஒரு அடி தூரத்தில்தான் வேலையெல்லாம் இருக்கிறது.

கிரிஸ்டல் போட்டாலே ஓடுதே, எதுக்கு இதெல்லாம்?

ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிரிஸ்டலுக்கு ஒரே அதிர்வெண்தான். அமெரிக்காவில் 1951ல் வந்த நாவிஸ் (புதியவர்) உரிமத்தின் விதியே அப்போது அதுதான்: கிரிஸ்டல் மட்டுமே வைக்கலாம், இறுதி வால்வுக்குள் போகும் திறன் 75 வாட்டைத் தாண்டக்கூடாது. அந்தப் புதியவர்களை மனதில் வைத்துத்தான் ஜான்சன் அட்வென்ச்சரர், ஹீத்கிட் டிஎக்ஸ்-20, டிஎக்ஸ்-60 போன்ற பெட்டிகள் விஎஃப்ஓ இல்லாமல் விற்பனைக்கு வந்தன. 1972ல் கிரிஸ்டல் கட்டுப்பாடு நீங்கியது. பெட்டிகள் அப்படியே தங்கிவிட்டன.

அன்றைக்கு ஒருவர் சிகியூ (யாராவது பேசலாம் என்ற பொது அழைப்பு) அழைத்துவிட்டு, பதிலுக்காக பேண்டின் (ஹாம்களுக்கு ஒதுக்கிய அதிர்வெண் பட்டையின்) இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ரிசீவரைத் திருப்பிக் கேட்பார். எதிரில் இருப்பவரும் கிரிஸ்டல்காரர் என்பதால் அதுதான் பழக்கம். இன்றைக்கு ஒருவர் 7.032 மெகாஹெர்ட்ஸில் அழைத்தால் 7.032ல்தான் பதிலை எதிர்பார்க்கிறார். உங்களிடம் 7.040 கிரிஸ்டல் மட்டும் இருந்தால், எத்தனை வாட் போட்டு அழைத்தாலும் அவர் காதில் விழாது. விஎஃப்ஓ வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். மற்றதெல்லாம் கூடுதல் லாபம்.

அந்தக் காலத்து ஜோடி விஎஃப்ஓவையே வாங்கி மாட்டிக்கலாமே?

தாராளமாக மாட்டலாம். டிஎக்ஸ்-60க்கு ஹெச்ஜி-10 இருந்தது, அதற்கு முந்தைய பெட்டிகளுக்கு விஎஃப்-1. வால்வுக்கு எவ்வளவு வோல்டேஜ் வேண்டுமோ அதைத் தருமாறே செய்யப்பட்டவை என்பதால் கீழே வரும் பாதிச் சிக்கல்கள் அவற்றில் கிடையாது. ஆனால் சூடாகி நிலைக்கு வரும்வரை அதிர்வெண் நழுவிக்கொண்டே இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸை நான்கால் பெருக்கித்தான் 28 வருகிறது என்பதால், அங்கே அந்த நழுவல் நான்கு மடங்காகத் தெரியும். நல்ல நிலையில் ஒன்று கையில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தேடி அலைய வேண்டிய பொருள் அல்ல.

டிஜிட்டல் விஎஃப்ஓ உள்ள என்னதான் இருக்கு? டிடிஎஸ், எஸ்ஐ5351 ரெண்டும் ஒண்ணா?

இல்லை, வழி வேறு. ஏடி9850 போன்ற டிடிஎஸ் சிப், சைன் அலையின் உயரத்தை எண்களாகக் கணக்கிட்டு, 10 பிட் மாற்றி வழியாக வோல்டேஜாக வெளியே தருகிறது. 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரமும் 32 பிட் எண்ணும் சேர்ந்தால் ஒரு படி சுமார் 0.029 ஹெர்ட்ஸ். 7.030 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் சிப்புக்குள் எழுத வேண்டிய எண் 24,15,48,961. அதாவது வேண்டிய அதிர்வெண்ணை 2ன் 32ஆம் அடுக்கால் பெருக்கி 12.5 கோடியால் வகுத்தால் வருவது.

எஸ்ஐ5351 வேறு மாதிரி. 25 அல்லது 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து உள்ளே 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பிஎல்எல்லை (கிரிஸ்டலோடு பூட்டி ஓடும் அலை உருவாக்கியை) ஓட்டி, அதைப் பின்ன எண்ணால் வகுத்துத் தருகிறது. வெளியே வருவது 3.3 வோல்ட் சதுர அலை. மூன்று வெளியீடுகள் உண்டு, விலையும் குறைவு.

சரி, ரெண்டுல எதை எடுக்கட்டும்?

கிரிஸ்டல் சாக்கெட் வைத்த டிரான்ஸ்மிட்டர் என்றால் எஸ்ஐ5351 போதும். சதுர அலை என்று பயப்பட வேண்டாம், ஏனென்பது பின்னால் வருகிறது. டிடிஎஸ் மாட்யூல் ஏற்கெனவே கையில் இருந்தால் அதுவும் சரி. ஆனால் டிடிஎஸ் வெளியீட்டில் முக்கிய அதிர்வெண்ணுக்கு அருகிலேயே சின்னச் சின்ன பொய்ச் சிக்னல்கள் இருக்கும். டிரான்ஸ்மிட்டரின் டியூன் சுற்றுகள் அவ்வளவு பக்கத்தில் இருப்பதை வடிகட்டாது. அதிர்வெண்ணைப் பெருக்கும்போது அவை இன்னும் வளரும்.

போர்டு அவுட்புட்டை நேரா கிரிஸ்டல் சாக்கெட்ல சொருகிட்டா ஆகாதா?

ஆகாது. சில பெட்டிகளில் ஒன்றும் நடக்காது, சில பெட்டிகளில் போர்டு போய்விடும். முதல் காரணம், போர்டு தரும் வோல்டேஜ் வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட்டுக்குப் பத்தாது. இரண்டாவது, சாக்கெட்டில் டிசி வோல்டேஜ் இருக்கலாம், அதுவும் சில இடங்களில் நூற்றுக்கணக்கில். மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்த வால்வு இன்னமும் ஆசிலேட்டராகத்தான் (தானே அலையை உண்டாக்கும் சுற்றாகத்தான்) அமைக்கப்பட்டிருக்கிறது. சாக்கெட்டில் கிரிஸ்டல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, வாய்ப்புக் கிடைத்தால் தன் போக்கில் ஆட ஆரம்பித்துவிடும். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

பின்புறம் 'விஎஃப்ஓ' என்று தனி ஜாக்கும், முன்னால் அதற்கு ஒரு சுவிட்ச் நிலையும் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வடிவமைத்தவரே மூன்றாவது சிக்கலைத் தீர்த்துவைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

சாக்கெட்ல எந்தப் பின் கிரிட், எந்தப் பின் எர்த்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. ஃபில்டர் கெபாசிட்டர்களில் 300 முதல் 700 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். தேங்கியதை வடியவிடும் பிளீடர் ரெசிஸ்டர் அறுந்துபோன பெட்டியில் அது நெடுநேரம் நிற்கும். சில நிமிடம் காத்திருந்து, மீட்டரால் அளந்து, சில கிலோ ஓம் உள்ள பெரிய ரெசிஸ்டர் வழியாக மீதியை இறக்கி, மறுபடி அளந்து பார்த்த பிறகுதான் உள்ளே கை.

இப்போது ஒவ்வொரு பின்னிலிருந்தும் சேஸிஸுக்கு ஓம் அளவு பாருங்கள். பூஜ்யம் காட்டுவது எர்த் பக்கம். மற்றதில் கிரிட் லீக் ரெசிஸ்டரின் மதிப்பு, பெரும்பாலும் 22 கிலோ ஓமிலிருந்து 100 கிலோ ஓம் வரை ஏதோ ஒன்று, தெரியும். இரண்டு பின்னும் எர்த் காட்டவில்லை என்றால் கவனம். அது கிரிஸ்டலை கிரிட்டுக்கும் ஸ்கிரீனுக்கும், அல்லது கிரிட்டுக்கும் வெளியீட்டு முனையான பிளேட்டுக்கும் நடுவில் போடும் பியர்ஸ் வகையாக இருக்கலாம். அங்கே ஒரு பின்னில் முழு உயர் வோல்டேஜும் உட்கார்ந்திருக்கும். மீட்டர் கிளிப்பை முன்கூட்டியே மாட்டிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, பிறகு பவர் போட்டு டிசியை அளந்து உறுதி செய்யுங்கள். அந்த வகையில் கிரிட் பின்னுக்கு மட்டும் சிக்னல் கொடுங்கள். கேபிளின் எர்த்தை சேஸிஸில் இணையுங்கள். மற்றப் பின்னைத் தொடவே வேண்டாம்.

எந்த வகையானாலும் கிரிட் பக்கம் 0.001 மைக்ரோஃபாரட், 1000 வோல்ட் தாங்கும் மைக்கா அல்லது செராமிக் கெபாசிட்டர் ஒன்று தொடரில் இருக்க வேண்டும். டிசியைத் தடுப்பது மட்டும் அதன் வேலையல்ல. கெபாசிட்டர் இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மரை நேராக மாட்டினால், கிரிட் லீக் ரெசிஸ்டர் ஷார்ட் ஆகி வால்வு தன் பயஸை (அதன் கரண்டைக் கட்டுக்குள் வைக்கும் கிரிட் வோல்டேஜை) இழந்துவிடும்.

துளை போடணுமா? பெட்டியோட மதிப்பு போயிடுமே.

ஒரு துளையும் வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பயன்பட்டு, பிறகு ஹாம்கள் கைக்கு வந்த எஃப்டி-243 கிரிஸ்டல் கூட்டின் பின்கள் 0.486 அங்குல இடைவெளியில் இருக்கும். செத்துப்போன கிரிஸ்டல் ஒன்றின் கூட்டைத் திறந்து, உள்ளே கெபாசிட்டரை வைத்து, கேபிளை சால்டர் செய்தால் அதுவே பிளக். முன்பு கிரிஸ்டல் சொருகிய இடத்தில் இதைச் சொருகலாம். வேண்டாமென்றால் பிடுங்கிவிட்டுப் பழையபடி கிரிஸ்டலுக்குத் திரும்பலாம்.

3.3 வோல்ட் வருதே, பத்தாதா? எவ்வளவுதான் வேணும்?

3.3 வோல்ட் என்பது உச்சிக்கு உச்சி. சைன் அலையாக வடிகட்டினால் ஆர்எம்எஸ் கணக்கில் 1.5 வோல்ட் சுமாருக்குத்தான் தேறும், 50 ஓம் சுமை போட்டால் அதுவும் குறையும். 6சிஎல்6, 6ஏஜி7 மாதிரி ஆசிலேட்டர் வால்வுகளின் கிரிட்டுக்கு 10 வோல்ட் ஆர்எம்எஸ் அளவில் கொடுத்தால்தான் பின்னால் இருக்கும் நிலைகள் விழிக்கும். என் இலக்கு எப்போதும் 10லிருந்து 15 வோல்ட், நடுவில் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போதுமா என்று சொல்ல வேண்டியது டிரான்ஸ்மிட்டரின் கிரிட் கரண்ட் மீட்டர்தான். நல்ல கிரிஸ்டல் ஒன்றைப் போட்டு டியூன் செய்து இறுதி வால்வின் கிரிட் கரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 6146 ஒன்று என்றால் 2 முதல் 3 மில்லி ஆம்பியர் வழக்கம். விஎஃப்ஓவில் அதே அளவு வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொடுப்பதால் வெளியே போகும் சக்தி அதிகரிக்காது, ஹார்மோனிக்தான் (மடங்கு அதிர்வெண்களில் வரும் வேண்டாத சிக்னல்) அதிகரிக்கும்.

அந்த 12 வோல்டை எப்படி வரவழைக்கிறது?

ஒரு டிரான்சிஸ்டர் நிலை, அப்புறம் ஒரு ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர். 12 வோல்ட் சப்ளையில் 2என்5109 அல்லது இணையாகப் போட்ட இரண்டு மூன்று பிஎஸ்170 இருந்தால் 50 ஓம் சுமையில் 4 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது ஏறத்தாழ 0.3 வாட், சிரமமில்லாமல் வரும். எஃப்டி37-43 ஃபெரைட் வளையத்தில் முதன்மைச் சுற்று 5, இரண்டாம் சுற்று 15. வோல்டேஜ் மூன்று மடங்காகி 12 ஆகிவிடும். மின்தடை விகிதம் ஒன்பது மடங்கு என்பதால் இரண்டாம் பக்கம் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டால் முதன்மைப் பக்கம் 50 ஓம் போலத் தெரியும். ரெசிஸ்டர் 1 வாட்டாக இருக்கட்டும், கம்பி சுற்றிய வகை வேண்டாம்.

அந்த ரெசிஸ்டர் சக்தியை வீணாக்குகிறதே என்று அதைக் கழற்றுபவர்கள் உண்டு. கழற்றாதீர்கள். கிரிட்டின் தடை அலையின் ஒவ்வொரு சுழற்சியிலும் மாறிக்கொண்டே இருக்கும். ரெசிஸ்டர் இருந்தால்தான் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு நிலையான சுமை கிடைக்கும். வால்வு தானாக ஆடுவதையும் அது ஓரளவு அடக்கும்.

கேபிள் நீளம் முக்கியமா?

ரொம்ப முக்கியம். ஆர்ஜி-58 கேபிளில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் இருக்கிறது. 14 மெகாஹெர்ட்ஸில் அது 114 ஓம். டிரான்ஸ்ஃபார்மரை விஎஃப்ஓ பெட்டிக்குள் வைத்து அங்கிருந்து ஒரு மீட்டர் கேபிள் இழுத்தால், நீங்கள் ஏற்றிய வோல்டேஜையெல்லாம் கேபிளே விழுங்கிவிடும். மேசை மேல் 12 வோல்ட் வந்தது, சாக்கெட்டில் 3 வோல்டுதான் என்று குழம்புகிறவர்களுக்கு நடந்தது இதுதான்.

டிரான்ஸ்ஃபார்மரும் 470 ஓம் ரெசிஸ்டரும் டிரான்ஸ்மிட்டர் முனையில், சாக்கெட்டை ஒட்டிய சின்ன உலோக டப்பாவில் இருக்க வேண்டும். கேபிள் முழுவதும் 50 ஓமிலேயே ஓடினால் அதன் நீளம் பொருட்டே இல்லை.

சதுர அலையைக் கொடுத்தா சிக்னல் அசிங்கமா போகாதா?

வால்வு கிளாஸ் சியில் (அலையின் ஒரு பகுதியில் மட்டும் கடத்தும் முறையில்) ஓடும்போது நீங்கள் எவ்வளவு சுத்தமான சைன் அலையைக் கொடுத்தாலும் அதைத் துண்டு துண்டாக்கித்தான் தன் பிளேட்டில் தரும். அதைச் சுத்தப்படுத்துவது டியூன் சுற்றும், ஆன்டெனாவுக்கு முன் இறுதியில் உள்ள பை நெட்வொர்க் என்ற ஃபில்டரும். அதனால்தான் எஸ்ஐ5351 போதும் என்றேன்.

ஆனாலும் விஎஃப்ஓவுக்குப் பின் ஒரு லோ பாஸ் ஃபில்டர் வைப்பது நல்லது. சதுர அலையின் மூன்றாம் ஹார்மோனிக் முதன்மை அலையைவிட 9.5 டெசிபெல் மட்டுமே குறைவு. 7 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் 21ம் கூடவே உள்ளே போகிறது. கொஞ்சம் அசந்தால் இறுதி வால்வுக்கு முந்தைய நிலையான டிரைவர் அதற்கு டியூன் ஆகிவிடும். டிடிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு காரணம்: கடிகார அதிர்வெண்ணிலிருந்து வெளியீட்டைக் கழித்தால் வரும் பிம்பம், 125 கழித்தல் 7 என்றால் 118 மெகாஹெர்ட்ஸ், அது வெளியே போகக்கூடாது.

என் பெட்டியில 7 மெகா கிரிஸ்டல் போட்டுத்தான் 14, 21, 28 எல்லாம் ஓடும். விஎஃப்ஓவிலும் அப்படித்தானா?

அதேதான். பெட்டிக்குத் தேவை கிரிஸ்டலின் அதிர்வெண், ஆன்டெனாவில் போகும் அதிர்வெண் அல்ல. 14.050 வேண்டுமென்றால் 7.025 கொடுங்கள். 21.075க்கும் 28.100க்கும் அதே 7.025தான், பெருக்கம் மட்டும் மூன்று, நான்கு. போர்டை இயக்கும் அர்டுயினோ என்ற குட்டிக் கணினியின் நிரலில் பேண்டுக்கு ஒரு பெருக்கு எண்ணை வைத்து, திரையில் பெருக்கிய அளவைக் காட்டும்படி செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் மனக்கணக்கு போட வேண்டும், என்றாவது ஒருநாள் பேண்டுக்கு வெளியே போய் நிற்பீர்கள்.

பெருக்கும்போது பிழையும் பெருகும். போர்டில் 10 ஹெர்ட்ஸ் விலகல் 28ல் 40 ஹெர்ட்ஸ். ஃபேஸ் இரைச்சல் இரண்டு மடங்குக்கு 6 டெசிபெல், நான்கு மடங்குக்கு 12 டெசிபெல் ஏறும்.

இன்னொரு விஷயம். டயலில் ஒரு பேண்டுக்குத் திருப்பிவிட்டு, டிரைவரை வேறு ஹார்மோனிக்கில் உச்சிக்குக் கொண்டுவருவது பழைய பெட்டிகளில் சர்வ சாதாரணம். மீட்டர் அழகாக ஏறும், சிக்னல் உங்கள் உரிமத்தில் இல்லாத இடத்தில் போய்க்கொண்டிருக்கும். முதல் முறை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலான ரெசிஸ்டரில்) ஓட்டி, தனி ரிசீவரிலோ அலைமானியிலோ எந்த அதிர்வெண் வருகிறது என்று பார்த்த பிறகே ஆன்டெனாவை மாட்டுங்கள்.

விஎஃப்ஓ கேபிளைக் கழட்டினாலும் மோர்ஸ் கீ அழுத்தினா கிரிட் கரண்ட் வருது. பேயா?

வால்வு தானே ஆடுகிறது, மேலே சொன்ன மூன்றாவது சிக்கல். கிரிஸ்டலுக்காக வைத்த பின்னூட்டக் கெபாசிட்டர்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பிளேட் சுற்றும் கிரிட்டும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால் அது எளிதில் கிளம்பும். விஎஃப்ஓ மாட்டியிருக்கும்போது அடக்கமாக இருந்துவிட்டு, டிரைவ் குறைந்த நேரத்தில் கரகரவென்று வேறு எங்கோ தாவும்.

சுலபமான வைத்தியம் பாதி அதிர்வெண்ணைக் கொடுப்பது. 7ல் ஓட 3.5 கொடுத்து அந்த நிலையை இரட்டிப்பாக்கியாக ஓட்டினால் உள்ளேயும் வெளியேயும் வேறு வேறு அதிர்வெண், ஆட இடமில்லை. பெட்டியில் அந்த வசதி இல்லை என்றால், கேத்தோடில் சோக் இருக்கும் சுற்றுகளில் அதன் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைப் போட்டு கேத்தோடை ஆர்எஃப் (ரேடியோ அலை) அளவில் எர்த் செய்யலாம். விஎஃப்ஓ சுவிட்ச் உள்ள பெட்டிகளில் பல செய்வது இதைத்தான். கிரிஸ்டலுக்குத் திரும்பும்போது அதைக் கழற்ற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எதிர்முனை அனுப்பும்போது என் விஎஃப்ஓ சத்தம் ரிசீவர்ல கொய்ங்னு கேக்குது. என்ன செய்ய?

கிரிஸ்டல் ஆசிலேட்டர் கீயை விட்டதும் நின்றுவிடும், டிஜிட்டல் விஎஃப்ஓ நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதுவும் நீங்கள் கேட்க நினைக்கும் அதே அதிர்வெண்ணில். அனுப்பு, பெறு மாற்றும் சுவிட்சிலிருந்து ஒரு கம்பியைப் போர்டுக்குக் கொடுத்து, பெறும் நேரத்தில் விஎஃப்ஓவைப் பேண்டுக்கு வெளியே தள்ளிவிடுங்கள். வெளியீட்டை முழுவதும் நிறுத்துவதைவிடத் தள்ளிவைப்பது எனக்குப் பிடிக்கும். சிப்பின் சூடு மாறாமல் இருப்பதால் பக்கத்தில் இருக்கும் அதன் கிரிஸ்டலும் அசையாது.

டயலை எதிர்முனைக்குச் சரியாக வைக்க 'ஸ்பாட்' பொத்தான் ஒன்று வைத்து, அழுத்தும்போது மட்டும் உண்மையான அதிர்வெண்ணுக்கு வரச் செய்யுங்கள்.

மோர்ஸ் கீயை அர்டுயினோவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் சேர்த்து மாட்டலாமா?

கூடவே கூடாது. கேத்தோடு கீயிங் உள்ள பெட்டியில் கீ திறந்திருக்கும்போது ஜாக்கில் நூறு வோல்டுக்கு மேல் நிற்கும். கிரிட்டை அடைத்து வால்வை நிறுத்தும் கிரிட் பிளாக் முறையில் அதே இடத்தில் எதிர்மறை வோல்டேஜ். அர்டுயினோ தாங்குவது ஐந்து. அதனால் வரிசையை மாற்றுங்கள்: கீ அர்டுயினோவுக்குப் போகட்டும், அர்டுயினோ ஒரு ரீட் ரிலே அல்லது ஆப்டோ மாஸ்ஃபெட் ரிலே வழியாக டிரான்ஸ்மிட்டரைக் கீ செய்யட்டும். உங்கள் விரலுக்கும் உயர் வோல்டேஜுக்கும் நடுவில் இடைவெளி கிடைப்பது இன்னொரு நன்மை. சாதாரண என் சேனல் மாஸ்ஃபெட்டை கிரிட் பிளாக் பெட்டியில் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்மறை வோல்டேஜில் அதன் உள் டயோடு கடத்தும், கீ எப்போதும் அழுத்தியபடியே இருக்கும்.

ஒவ்வொரு கீ அழுத்தலுக்கும் விஎஃப்ஓவையும் இயக்கி அணைக்க நினைத்தால் வரிசை முக்கியம். கீ அழுத்தியதும் விஎஃப்ஓ முதலில் வர வேண்டும், 5 மில்லி விநாடி கழித்து ரிலே. விடும்போது ரிலே திறப்பதையும் அதே 5 மில்லி விநாடி தாமதப்படுத்துங்கள். இல்லையென்றால் புள்ளிகள் மெலிந்துபோகும், நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியே 60 மில்லி விநாடிதான். ரிலே திறந்து இன்னொரு 10 மில்லி விநாடி கழித்து விஎஃப்ஓ போகட்டும். இதைத் தலைகீழாகச் செய்தால் டிக் சத்தம் மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. கிரிட் லீக் பயஸை மட்டும் நம்பியிருக்கும் இறுதி வால்வுக்கு டிரைவ் இல்லையென்றால் பயஸும் இல்லை, பிளேட் கரண்ட் தறிகெட்டு ஏறும்.

கீ அழுத்தினதும் டிஸ்ப்ளே உறைஞ்சு போகுது, இல்லன்னா நம்பர் தானா ஓடுது.

ஆர்எஃப் உள்ளே வருகிறது. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தால் முதலில் உலோக டப்பாவுக்கு மாற்றுங்கள். பவர் கம்பி உள்ளே வரும் இடத்தில் 1000 பிக்கோஃபாரட் ஃபீட்த்ரூ கெபாசிட்டர், அதன் பின் ஃபெரைட் மணி. டயல் என்கோடரின் கம்பிகளில் 10 கிலோ ஓம், 0.01 மைக்ரோஃபாரட். டிஸ்ப்ளேக்கும் எஸ்ஐ5351க்கும் போகும் ஐ2சி கம்பிகள் விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். இத்தனைக்கும் பிறகும் உறைகிறது என்றால் கோளாறு விஎஃப்ஓவில் இல்லை, ஆன்டெனாவின் ஃபீட் லைனில் ஆர்எஃப் உங்கள் ரேடியோ அறைக்குள் திரும்பி வருகிறது.

டிரான்ஸ்மிட்டரோட 6.3 வோல்ட் ஹீட்டர்ல இருந்தே பவர் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போடாதீர்கள். பெரும்பாலான பெட்டிகளில் ஹீட்டரின் ஒரு முனை சேஸிஸில் இருக்கும். பிரிட்ஜின் நெகட்டிவ் முனையையும் சேஸிஸில் இணைத்தால் ஒரு டயோடு வழியாக ஹீட்டர் சுற்று பாதி நேரம் ஷார்ட். ஒற்றை டயோடும் 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டால் 8 வோல்ட் சுமாருக்கு வரும், அதிலிருந்து 5 வோல்ட் லீனியர் ரெகுலேட்டர். ஆம்ப்ளிஃபையருக்கு 12 வோல்ட் எப்படியும் தனியாக வேண்டும் என்பதால், என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் தனி லீனியர் சப்ளை. செல்போன் சார்ஜர் வேண்டாம், அதன் இரைச்சலை ரிசீவர் காட்டிக்கொடுத்துவிடும்.

திரையில 7.030.00னு இருக்கு. நிஜமாவே அதுதானா?

அளவீடு செய்யும்வரை இல்லை. மலிவு போர்டின் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 10 பங்கு விலகியிருந்தால் 7ல் 70 ஹெர்ட்ஸ், 28ல் 280 ஹெர்ட்ஸ் தவறு. போர்டை 10 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்து, டபிள்யூடபிள்யூவி போன்ற நேரச் சிக்னல் நிலையத்தோடு ரிசீவரில் சேர்த்துக் கேட்டு, இரண்டின் தொனி வித்தியாசம் அலைபாய்ந்து நிற்கும்வரை நிரலின் திருத்த எண்ணை மாற்றுங்கள். அரைமணி சூடான பிறகு செய்யுங்கள். 28ல் அதிகம் ஓடுபவர்கள் டிசிஎக்ஸ்ஓ (வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கிரிஸ்டல் ஆசிலேட்டர்) வைத்த போர்டாக வாங்கிவிடலாம்.

சிர்ப் போயிடுமா? அதுதானே பழைய பெட்டியோட அழகு!

கீ அழுத்தும்போது வோல்டேஜ் தொய்ந்து கிரிஸ்டல் ஆசிலேட்டர் இழுபடுவதால் வருவது சிர்ப். இப்போது அந்த வால்வு வெறும் ஆம்ப்ளிஃபையர் என்பதால் சிர்ப் போய்விடும். அது போனதே என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிரிஸ்டல் இருக்கவே இருக்கிறது. ஆனால் கீ கிளிக்கும், ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்ததால் வரும் ஹம்மும் விஎஃப்ஓ மாற்றினால் போகாது. முன்பு சிர்ப்பில் மறைந்திருந்த ஹம் இப்போது தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

என் பெட்டி எஸ்எஸ்பி. உள்ளயே விஎஃப்ஓ இருக்கு, அதுதான் நழுவுது. அதுக்கும் இதேதானா?

இல்லை, எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டைக் குரல் முறை) பெட்டி அதிர்வெண்களை மிக்சரில் கலக்கி எடுக்கும் வகை. ஹீத்கிட் எஸ்பி வரிசையில் விஎஃப்ஓ 5.0 முதல் 5.5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, காலின்ஸ் எஸ் வரிசையில் 2.5 முதல் 2.7. எந்தப் பேண்டானாலும் அதே வீச்சுதான். ஹீத்கிட்டில் திசையும் தலைகீழ்: பேண்டின் அடியில் 5.5, மேல் கோடியில் 5.0. ஆக 7.030ல் நிற்க 5.470 கொடுக்க வேண்டும். பக்கப்பட்டை மாற்றும்போது வரும் சிறு நகர்வையும் நிரலில் சேர்க்க வேண்டும்.

இங்கே 12 வோல்ட் கதையெல்லாம் இல்லை. மூல விஎஃப்ஓ எவ்வளவு தருகிறது என்று ஆர்எஃப் புரோபால் அளந்து அதே அளவைக் கொடுங்கள். சதுர அலை போதும் என்று சொன்னதும் இங்கே செல்லாது. மிக்சருக்கு 5ஓடு 15ம் போனால் புதுப்புதுப் பொய்ச் சிக்னல்கள் பிறக்கும், லோ பாஸ் ஃபில்டர் கட்டாயம்.

டிஜிட்டல் விஎஃப்ஓ வந்துடுச்சு. அப்படியே எஃப்டி8ம் ஓட்டிடலாமா?

ஓட்டலாம். பழைய கிளாஸ் சி டிரான்ஸ்மிட்டருக்கே அது பொருந்தும். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் சிக்னலின் உயரம் மாறுவதில்லை, எட்டுத் தொனிகளுக்கு இடையே அதிர்வெண் மட்டும் 6.25 ஹெர்ட்ஸ் படிகளில் தாவுகிறது. எஸ்எஸ்பி இல்லாமலே விஎஃப்ஓ அந்தத் தொனிகளை நேராக உண்டாக்கலாம். ஆனால் பெருக்கத்தை மறக்காதீர்கள். 7ல் கொடுத்து 14ல் அனுப்பினால் போர்டில் படி 3.125 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தொனிகள் இரண்டு மடங்கு விரிந்து யாருக்கும் புரியாது. படியின் நுணுக்கம் பிரச்சினையில்லை. டிடிஎஸ் பற்றி முதலிலேயே சொன்னேன், எஸ்ஐ5351ம் 7 மெகாஹெர்ட்ஸில் 0.2 ஹெர்ட்ஸ் சுமாருக்கு நகர்த்த முடியும்.

இங்கே சோதனை வால்வுக்குத்தான். மோர்ஸில் கீ பாதி நேரம் மேலே இருக்கும். எஃப்டி8ல் 12.64 விநாடி தொடர்ந்து கீழே, அடுத்த முறைக்கு முன் 17 விநாடிக்கும் சற்று அதிகமாகத்தான் ஓய்வு. பவர் டிரான்ஸ்ஃபார்மரும் 6146ம் அதற்காகக் கணக்கிடப்பட்டவை அல்ல. வழக்கமான சக்தியில் பாதிக்குக் குறைத்து ஓட்டுங்கள். மேல்மூடியில் ஒரு சின்ன விசிறி வையுங்கள். பிளேட் மங்கலாகச் சிவக்கத் தொடங்கினால் அந்தச் சுற்றை முடிக்கக்கூடக் காத்திருக்காமல் நிறுத்திவிட்டு, டியூனிங்கையும் டிரைவையும் சரிபாருங்கள்.